சங்கடம் எங்கள் ஊரில் வேறு

முதுநிலை முதலாண்டு முடிந்த கோடையில், நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனையில் நாற்பது நாள் இன்டர்ன்ஷிப் செய்தேன். முதல் வாரம் நான் எழுதிக்கொடுத்த குறிப்பு ஒன்று சிவப்பு மையில் வட்டமிடப்பட்டுத் திரும்பி வந்தது. ‘கணவர் இறந்த பிறகு மிகுந்த சங்கடத்தில் இருக்கிறார்’ என்று எழுதியிருந்தேன். என்னை மேற்பார்வை செய்தவர் சென்னைக்காரர். ‘கணவர் இறந்ததில் கூச்சப்பட என்ன இருக்கிறது? கேட்டீர்களா?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

எனக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை. பிறகுதான் உறைத்தது. அவருக்குச் சங்கடம் என்றால் தர்மசங்கடம். எங்களுக்குச் சங்கடம் என்றால் துக்கம். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் ‘பிள்ளைகளைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது’ என்று சொன்னால், நெஞ்சு கனத்துப் போனது என்று பொருள். மலையாளத்திலும் அப்படித்தான். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் குமரி மாவட்டத்தின் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சொற்களில் பாதி இன்னும் அந்தப் பக்கத்திலேயே நிற்கின்றன.

சங்கடம் மட்டும் இல்லை. விசாரம் என்றால் மற்ற ஊர்களில் விசாரணை நினைவுக்கு வரும், எங்கள் பாட்டிமாருக்கு அது கவலை. வெப்ராளம் என்றால் கை கால் ஓரிடத்தில் நிற்காத பதற்றம். சீணம் என்றால் களைப்பு. ஆனால் வேலை செய்து வரும் களைப்பு இல்லை, உறங்கி எழுந்த பிறகும் இருக்கிற களைப்பு. இளநிலையும் முதுநிலையுமாக ஐந்து ஆண்டு நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தச் சொற்கள் இல்லை. வருகிறவர்களோ இவற்றோடுதான் வருகிறார்கள்.

போன மாதம் பிளஸ் டூ முடித்த மகளை அழைத்துக்கொண்டு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ‘இவளுக்கு யாராவது அழுதால் பொறுக்காது, அதனால் சைக்காலஜி படிக்க வைக்கலாம் என்று பார்க்கிறோம்’ என்றார். அவருக்கு அரை மணி நேரத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதிப் பார்க்கிறேன்.

நானும் அப்படித்தான் போனேன். என் காரணம் என் சித்தி. எங்கள் வீடு குலசேகரத்துக்குப் பக்கம், அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. சித்தி அடுத்த வீடு. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவருக்குச் சீணம் தொடங்கியது. காலையில் எழ முடியாது. எழுந்தால் திண்ணையில் சிரட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். டானிக் வாங்கிக் கொடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். குளுக்கோஸ் ஏற்றிய அன்று கொஞ்சம் தெளிவாக இருப்பார். யாரோ ஒருவர் தன்னைக் கவனித்தார் என்பதுதான் அந்தத் தெளிவு என்று இப்போது தோன்றுகிறது. பதினொரு ஆண்டு யாரும் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொல்லவில்லை. ‘வருத்தமாக இருக்கிறீர்களா?’ என்று எந்த மருத்துவராவது கேட்டிருந்தாலும் ‘இல்லை’ என்றுதான் சித்தி சொல்லியிருப்பார். அவருக்கு வருத்தம் இல்லை, சீணம்தான்.

சித்தியைச் சரியாக்கிவிடலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் உளவியல் இளநிலைக்குச் சேர்ந்தேன். அங்கே முதல் பருவத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு ஸ்டாப்வாட்சும், அம்புக்குறி வரைந்த ஒரு பலகையும். இரண்டு கோடுகளும் ஒரே நீளம்தான், ஆனால் அம்பின் முனை உள்ளே மடிந்தால் ஒன்று குட்டையாகவும் விரிந்தால் மற்றது நீளமாகவும் தெரியும். முல்லர்-லயர் மாயத்தோற்றம் என்று அதற்குப் பெயர். விடுதித் தோழிகளை உட்கார வைத்து ஆளுக்கு நாற்பது முறை அளந்து, சராசரி கண்டு, திட்டவிலக்கம் கண்டு, ரிக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவது, சிவப்பு மையில் எழுதிய ‘பச்சை’ என்ற சொல்லின் நிறத்தைச் சொல்வது என்று அது போய்க்கொண்டே இருந்தது. மனிதர்களுக்கு உதவ வந்த என்னை அளவுகோலோடு உட்கார வைத்துவிட்டார்களே என்று எரிச்சலாக இருந்தது. எங்களோடு சேர்ந்தவர்களில் சிலர் முதலாண்டிலேயே கழன்றுகொண்டார்கள். எல்லோருக்கும் தகராறு புள்ளியியலோடுதான்.

இப்போது கேட்டால் புள்ளியியலை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். மூன்று பேருக்குப் பலித்ததைக் கண்டு முப்பது பேருக்கும் பலிக்கும் என்று நம்பிவிடுகிற குணம் உதவ வருகிறவர்களுக்குத்தான் மிக அதிகம். என்னுடைய வாய் சாமர்த்தியத்தால் ஒருவர் தேறினாரா, இரண்டு மாதம் கடந்ததால் தானாகத் தேறினாரா என்று பிரித்துப் பார்க்க வேறு வழி கிடையாது. அந்த ஸ்டாப்வாட்ச் வேறொன்றும் கற்றுத்தந்தது. ‘எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது’ என்று உறுதியாகச் சொல்கிறவருக்குக்கூடக் கோடு நீண்டுதான் தெரிகிறது. நான் அளந்தபோதும் அப்படித்தான் தெரிந்தது.

இளநிலை மூன்றாம் ஆண்டில் ஒக்கி புயல் வந்தது. 2017 நவம்பர் 30. குலசேகரத்தில் ரப்பர் மரங்களும் வாழைகளும் விழுந்தன, பல நாள் கரண்ட் இல்லை. அது மரத்தோடு போயிற்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்கு வந்த நான், தன்னார்வலர் குழு ஒன்றோடு அங்கே போனேன். கையில் மூன்றாண்டு உளவியல் இருக்கிறது என்ற நினைப்பு. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி அவர் எழுதியது அது என்பதை நான் கவனித்திருக்கவில்லை.

ஒரு வீட்டில் என் வயதை ஒத்த ஒரு பெண், கையில் ஒரு வயதுக் குழந்தை. கணவருடைய செல்போன் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய யாராவது கடைக்குப் போவீர்களா என்று கேட்டார். வேலிடிட்டி முடிந்தால் எண் போய்விடும், கரை ஏறியதும் அந்த எண்ணிலிருந்துதான் அழைப்பார் என்றார். நான் மனத்துக்குள் ‘மறுப்பு, முதல் கட்டம்’ என்று குறித்துக்கொண்டேன். ‘அக்கா, நடந்ததை மெதுவாக ஏற்றுக்கொள்ள வேண்டும்’ என்று வாயைத் திறந்தும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருடைய மாமியார் என்னிடம், எங்கள் ஊரில் பிள்ளைகளை அழைப்பதுபோல, ‘நீ போய் வா மக்களே’ என்றார்.

உடல் கிடைக்காத சாவுக்குத் தனிப் பெயர் இருக்கிறது என்பதை இரண்டு ஆண்டு கழித்துப் புதுச்சேரியில் படித்தேன். வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அதைப் பற்றி எழுதத் தொடங்கினார். முடிவு தெரியாத இழப்பு. இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த நிலையில் ஒருவர் ரீசார்ஜ் செய்வது நோயின் அறிகுறி இல்லை. அவரை ‘ஏற்றுக்கொள்’ என்று தள்ளுவது, நீயே உன் கையால் அவரைச் சாகடி என்று சொல்வதற்குச் சமம். அன்று நான் செய்திருக்க வேண்டியது, கடைக்குப் போய் ரீசார்ஜ் செய்துவிட்டு வருவது.

பேரிடர் நேரத்து முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-இல் ஒரு கையேடு வெளியிட்டது. பார், கேள், சேர்த்துவிடு என்ற மூன்று சொற்களில் அதைச் சுருக்கிவிடலாம். யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, அவர்கள் பேச விரும்பினால் மட்டும் கேட்பது, சாப்பாடு, தகவல், உறவினர், மருத்துவர் என்று உரிய இடத்தோடு சேர்த்துவிடுவது. நடந்ததை விலாவாரியாகச் சொல்ல வைத்து அழ வைப்பது அதில் கிடையாது. நடந்ததை ஒரே அமர்வில் கிளறி எடுக்கும் முறை வேண்டாம் என்பதையும் அந்த நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, வந்த ஒவ்வொரு குழுவும் பிள்ளைகளை அலை வரையச் சொன்னார்கள் என்று குளச்சலில் ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னார். ‘நான்காவது குழுவுக்குப் பிள்ளைகள் தாங்களாகவே நீலக் கலரை எடுத்து வைத்துக்கொண்டார்கள்’ என்றார்.

2018-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் முதுநிலை சேர்ந்தேன். நாகர்கோவிலில் மாலை ரயில் ஏறினால் விடியுமுன் விழுப்புரம், அங்கிருந்து பஸ்ஸில் புதுச்சேரி, பிறகு இன்னொரு பஸ்ஸில் காலாப்பட்டு. நான் சேர்ந்தபோது பல்கலைக்கழகமே நுழைவுத்தேர்வு நடத்தியது. இப்போது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

அங்கே கற்றதில் எனக்கு மிகவும் உதவியது ஒரு பழைய வழக்கம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் ஆலோசகராகவும் மற்றவர் வந்தவராகவும் இருபது நிமிடம் பேச வேண்டும். அதைச் செல்போனில் பதிவுசெய்து ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். ‘ம்’ போட்டதைக்கூட எழுத வேண்டும். நான் எழுதிய முதல் பதிவில் இருபது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் நானே பேசியிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் அறிவுரை தொடங்கியிருந்தது. எதிரே இருந்த தோழி தன் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஆரம்பித்தாள். அவளுக்கும் அண்ணனுக்கும் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமலே, பொங்கலுக்கு ஊருக்குப் போய் அவனைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்து முடித்திருந்தேன்.

பேசுகிறவர் மீது நிபந்தனையில்லாத மதிப்பு, அவர் இருக்கிற இடத்திலிருந்து புரிந்துகொள்வது, நாமும் நடிக்காமல் இருப்பது என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் மூன்று தேவைகளைச் சொன்னார். படிக்கும்போது சுலபம். எழுதிய பதிவை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் வழுக்கியிருப்போம். ‘ஏன்’ என்று தொடங்கிய என் கேள்விகளுக்கெல்லாம் எதிரே இருந்தவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பதிலையே சொல்லியிருந்தார். ‘ஏன் அவரிடம் சொல்லவில்லை?’ என்பது போலீஸ் கேள்வி. ‘சொல்ல நினைத்தபோது என்ன ஆயிற்று?’ என்று கேட்டால் கதை வருகிறது. உளவியல் படிக்கப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன். சம்மதம் வாங்கிக்கொண்டு உங்கள் பேச்சைப் பதிவுசெய்து, எழுதிப் பாருங்கள். அந்த வெட்கத்தைப் போல எந்தப் பேராசிரியராலும் கற்றுத்தர முடியாது.

நான் அமைதியாக இருக்கப் பழக இரண்டு ஆண்டு ஆயிற்று. எங்கள் ஊரில் துக்கம் சொல்கிறவர் முன்னால் சும்மா இருப்பது மரியாதைக்குறைவு. ‘எல்லாம் சரியாகும்’, ‘கடவுள் இருக்கிறார்’, ‘இதைவிடப் பெரிய கஷ்டம் பட்டவர்கள் உண்டு’ என்று ஏதாவது போட்டு நிரப்ப வேண்டும். பத்து நொடி வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். ஆனால் பதினோராவது நொடியில்தான் பெரும்பாலும் அவர்கள் சொல்ல வந்ததைச் சொல்கிறார்கள்.

புத்தகத்தில் இல்லாத இன்னொரு தொல்லை, கூப்பிடும் முறை. வெள்ளைக்காரப் புத்தகத்தில் வருகிறவரும் ஆலோசகரும் பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை நான் எப்படிப் பெயர் சொல்லி அழைப்பது? மாமி என்றேன். அவரும் உடனே என்னை ‘மக்களே’ என்றார். நெருக்கமாகத்தான் இருந்தது, இரண்டாவது வாரமே வினையும் வந்தது. அவருக்குக் கணவரோடு இருந்த பிரச்சினையை மகள் முறையாகிவிட்ட என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, மாமியிடம் அதைக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. உறவுமுறை சொல்லி அழைத்தால் அந்த உறவுக்குரிய தடைகளும் கூடவே வந்துவிடுகின்றன. இப்போது முதல் சந்திப்பிலேயே, ‘உங்களை எப்படி அழைக்கட்டும்? இங்கே பேசும்போது நான் உங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை, அதனால் வீட்டில் பேச முடியாததையும் பேசலாம்’ என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பெண்கள் சிரித்துவிட்டு, பிறகும் மக்களே என்றுதான் அழைக்கிறார்கள். சொல்லி வைத்ததால் மட்டும் சிறு வித்தியாசம் இருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. கல்ஃபில் வேலை செய்கிறவர்களின் மனைவியரை நேரில் சந்தித்து ஆய்வேட்டுக்குத் தகவல் திரட்டிக்கொண்டிருந்தேன், பாதியில் நின்றது. மீதியைத் தொலைபேசியில் முடித்தேன். ரப்பர் தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காது, பாறை மேல் ஏறி உட்கார்ந்துதான் பேசுவேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டம் வாங்கினேன், தக்கலைப் பக்கம் ஒப்பந்த வேலை கிடைத்தது.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன், காதில் குரல் கேட்கிறது, சாப்பாட்டில் விஷம் என்கிறான். மனச்சிதைவின் தொடக்கம் என்று சந்தேகித்து மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். அதுவரை சரி. அவனுடைய தாய், அடுத்த வாரம் நாற்பத்தொரு நாளுக்கு ஒரு பிரார்த்தனை இடத்தில் தங்கப் போவதாகச் சொன்னார். எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் வெந்து இறந்தார்கள். அந்தப் பயத்தில், ‘அங்கே போனால் இங்கே வராதீர்கள்’ என்ற தொனியில் பேசிவிட்டேன். சொன்னபடியே அவர்கள் வரவில்லை. மாத்திரையும் நின்றது. எட்டு மாதம் கழித்து அவனை வேறொருவர் கொண்டுவந்து சேர்த்தபோது எலும்பும் தோலுமாக இருந்தான்.

எனக்கு மூத்த ஆலோசகர் ஒருவர் அன்று திட்டவில்லை. ‘அங்கே போனபோது அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டாயா?’ என்று மட்டும் கேட்டார். நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். மந்திரவாதியோ, சபையோ, தர்காவோ, கோயிலோ, அங்கே என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், எது ஆறுதலாக இருந்தது என்று முதலில் கேட்கிறேன். கட்டிப்போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது இருந்தால் அதை மட்டும் உறுதியாகத் தடுக்க வேண்டும், அது சட்டப்படியும் குற்றம். மற்றபடி பிரார்த்தனையும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். விரதத்தன்று மாத்திரையை எத்தனை மணிக்கு எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதும் என் வேலைதான் என்று ஆகிவிட்டது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்பதும் இப்படித் தயங்கித் தயங்கிக் கற்றதுதான். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று எல்லோருக்கும் பயம், எனக்கும் இருந்தது. கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ‘செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று சாதாரணக் குரலில் கேட்டால், பலருக்குத் தோள் தளர்ந்து மூச்சு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆம் என்றால் தனியே விடக்கூடாது, வீட்டில் ஆபத்தான பொருட்கள் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும், அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். நள்ளிரவு என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. இதைச் சொன்ன பிறகுதான் சில குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்கே வருகின்றன, போலீஸ் வரும் என்ற பயம் அவ்வளவு.

ரகசியம் காப்பதைப் பற்றி வகுப்பில் ஒரு தாள் முழுக்கப் படித்தோம். குலசேகரம் பஸ்ஸில் அந்தத் தாள் போதாது. காலையில் என்னிடம் அழுதவர் மாலையில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவருடைய மாமியார் எங்கள் அம்மாவிடம், ‘உங்கள் மகளிடம் எங்கள் மருமகள் என்ன சொன்னாளாம்?’ என்று சந்தையில் கேட்பார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஊரில் யாரும் நம்புவதில்லை. அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: ‘வெளியே பார்த்தால் நான் முதலில் பேசமாட்டேன், சிரிக்கமாட்டேன். நீங்கள் பேசினால் பேசுவேன். அகங்காரம் என்று நினைக்காதீர்கள்.’ ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும், மறைத்தால் நாமே குற்றவாளி. பிள்ளை எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு இதைச் சொன்னால் அது துரோகமாகத் தெரியும். முதலிலேயே சொல்லிவிட்டால் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கும்.

இனி, அந்த அப்பா உண்மையில் கேட்க வந்தது: படித்தால் என்ன ஆகலாம், சம்பளம் என்ன?

எம்.எஸ்.சி. முடித்தால் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். நெடுங்காலமாக அது முதுநிலைக்குப் பிறகு இரண்டு ஆண்டு எம்.ஃபில்., இடங்கள் மிகக் குறைவு. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திய பிறகு, இந்தப் பிரிவுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்புக் கொடுத்தது. எனவே அண்ணன் படித்தார், அக்கா படித்தார் என்ற பழைய வழியை நம்பாமல், சேரும் ஆண்டில் கவுன்சிலின் தளத்தில் எந்தப் படிப்பு செல்லும் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அஞ்சல் வழியில் உளவியல் படிக்கலாம் என்று இன்னும் விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூர, இணையவழி உளவியல் படிப்புகளுக்கு ஆள் சேர்க்கக் கூடாது என்று மானியக் குழு சொல்லிவிட்டது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் உளவியலும் வருவதுதான் காரணம். மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். படித்து வந்தவர். இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு, எத்தனை நாள் அனுப்புகிறார்கள், அங்கே யார் உங்கள் குறிப்புகளைப் படித்துத் திருத்துவார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வேறு இடம் பாருங்கள். எனக்கு அந்தச் சிவப்பு மை கிடைக்காமல் போயிருந்தால் சங்கடம் என்ற சொல்லையே நான் திரும்பிப் பார்த்திருக்கமாட்டேன்.

வேலை இருக்கிறது. பள்ளி, போதை மறுவாழ்வு மையம், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமான நம்பிக்கை மையம், மாவட்ட மனநலத் திட்டம், தொண்டு நிறுவனம். பெரும்பாலும் ஒப்பந்தம், சம்பளம் குறைவு, சில மாதம் தாமதமாகவும் வரும். எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருப்பதால், அந்தச் சம்பளத்தோடு ஒப்பிட்டுத்தான் உங்களைப் பார்ப்பார்கள். அதை ஒரு நாள் தாங்கிவிடலாம், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் தாங்குவதுதான் பாடு. வேலையைவிட அதுதான் என்னை அதிகம் களைப்பாக்கியது.

மகளுக்கு யாராவது அழுதால் பொறுக்காது என்றார் அல்லவா? அதைப் பற்றியும் அவளிடம் பேசினேன். பொறுக்காதவர் அழுகையை நிறுத்தத்தான் பார்ப்பார், அழுகிறவருக்கு அது தேவையா என்று பார்க்கமாட்டார். நானும் அப்படித்தான் இருந்தேன், தூத்தூரில் ஏற்றுக்கொள்ளச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அப்படியென்றால் நான் தகுதி இல்லையா?’ என்று கேட்டாள். தகுதியா என்பது சேர்ந்து ஓர் ஆண்டு கழித்துத் தெரியும் என்றேன். அவளுடைய அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

சித்தியை நான் சரியாக்கவில்லை. சொந்தக்காரருக்கு ஆலோசகராக இருக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் விதி, முதலில் அதன்மீது எனக்குக் கோபம். சித்திக்காகவே படித்துவிட்டு, சித்தியிடம் மட்டும் பேசக்கூடாது என்றால் எப்படி? இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டேன். பிறகு ஒருநாள் அவரிடம் போய், ‘சித்தி, உங்கள் சீணத்துக்கு ஒரு டாக்டர் இருக்கிறார்’ என்றேன். மனச்சோர்வு என்ற சொல்லை எடுக்கவே இல்லை. சீணத்துக்கு என்றதால் வந்தார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்தோம். மாத்திரை தொடங்கி ஆறாவது வாரம் சித்தி காலையில் எழுந்து முற்றம் கூட்டினார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார்.

இப்போது மாதம் ஒருமுறை அவரை எனக்குப் பழக்கமில்லாத ஓர் ஆலோசகரிடம் அழைத்துப் போகிறேன். சித்தி உள்ளே போவார். நான் குடையையும் அவருடைய பையையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். முக்கால் மணி நேரம். உள்ளே ஐம்பத்து நான்கு வயதில் தன் வாழ்க்கையைப் பற்றி அவர் என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் பிறக்கும் முன்பு நடந்ததாக இருக்கலாம், எங்கள் அப்பாவைப் பற்றியோ என்னைப் பற்றியோகூட இருக்கலாம். போன தடவை வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பஸ் நிறுத்தம் வரை இருவரும் பேசவில்லை. வடசேரியில் இறங்கி ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினார். பஸ் ஏறியதும் ஒன்றை உரித்து என்னிடம் நீட்டி, ‘நீ ஒன்றும் கேட்கமாட்டாயா மக்களே?’ என்றார்.

‘மாட்டேன் சித்தி’ என்றேன்.

தோலை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, அவர் அடுத்த பழத்தை உரித்தார்.